ரெண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு எங்க ஊர் மீன் குழம்பு

பாதித் தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு கரண்டி மீன் குழம்பு வந்தது. சிரட்டையை நன்றாகத் தேய்த்து, எண்ணெய் போட்டு மினுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு துண்டு நெய்மீன், மேலே கறிவேப்பிலை எண்ணி ஒரு இலை, பக்கத்தில் விரல் கனத்தில் மூன்று துண்டு மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. "இது நாஞ்சில் மீன் குழம்பு" என்று, சென்னையில் தன் வீட்டிலேயே பணம் வாங்கி எங்களுக்கு விருந்து வைத்த பெண் சொன்னதும் மேசையைச் சுற்றி இருந்த பதினோரு பேரும் செல்போனைத் தூக்கினார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். நாகர்கோவில் வடசேரிக்காரி. அந்தச் சிரட்டையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, எங்கள் அம்மையாக இருந்தால் இதில் காம்பைச் சொருகி அகப்பை ஆக்கியிருப்பாள் என்பதுதான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். சாப்பாடு என்றால் அவளுக்குப் பைத்தியம். 2024 டிசம்பரில் போன் செய்து, "பெரியம்மை, கெளம்பி வாங்க. ஒருவாடு இடம் எழுதி வச்சிருக்கேன், தனியா போனா நல்லா இருக்காது" என்றாள். ஒருவாடு என்றால் எங்கள் பக்கம் நிறைய. அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில்தான் நாகர்கோவிலுக்கும் எழும்பூருக்கும் வந்தே பாரத் விட்டிருந்தார்கள். சுமார் 9 மணி நேரம், உட்கார்ந்தபடியே போய்விடலாம். துணிக்கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு எட்டு நாள் லீவு கிடைப்பதே பெரிய காரியம். கிடைத்தது, போனேன்.

முதல் நாளே சறுக்கியது. ஒரு பெரிய ஓட்டலில் 'கடலோர உணவுத் திருவிழா', பஃபே. விளம்பரத்தில் ஆளுக்கு 1,999 ரூபாய். அதன் ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி ஏதோ சின்னதாக இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வரி தனியாம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஓட்டல் என்றால் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று இன்னொரு தொகையும் பில்லில். தங்கச்சி மகள் கெட்டிக்காரி. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே அதைக் கட்டாயமாகப் போடக்கூடாது என்று சொன்னதை எடுத்துச் சொன்னாள், மேலாளர் மறுபேச்சில்லாமல் நீக்கிக் கொடுத்தார். அப்படியும் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட 4,700. மதியம் பட்டினி கிடந்து போனதில் முதல் பத்து நிமிடத்திலேயே ரொட்டியும் சூப்பும் வயிற்றை அடைத்துவிட்டன. இறாலும் நண்டும் கண்ணுக்கு மட்டும்தான். பஃபேக்குப் போகிறவர்களுக்கு என் புத்தி இவ்வளவுதான்: காலையில் வழக்கம்போல் இட்லி தின்னுங்கள். போனதும் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி, எது கண்முன்னால் அடுப்பில் வேகிறது, எது மூடி போட்ட பாத்திரத்தில் காலையிலிருந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

மறுநாள் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா கேண்டீன். மார்கழிக் கச்சேரிகள் நடக்கிற இடத்தில் பந்தல் போட்டு இலைச் சாப்பாடு. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு இசை மாநாடு நடந்து, அதன் தொடர்ச்சியாக மறு வருடம் மியூசிக் அகாடமி வந்தது. டிசம்பர் கச்சேரிகள் அப்படித் தொடங்கி இன்றுவரை நடக்கின்றன. பாட்டுக்கு டிக்கெட் இல்லாமலேயே பல சபாக்களில் சாப்பிட மட்டும் போகலாம் என்பது எனக்குப் புதிய சேதி. பன்னிரண்டே முக்காலுக்குப் போனால், ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நிற்கிறார். உட்கார்ந்திருப்பவர் மோர்ச் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று இவர் எட்டிப் பார்க்கிறார். எனக்குக் கூச்சமே இல்லை. கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடித்து வளர்ந்தவள் நான். மஞ்சள் பட்டுப் புடவை மாமி ஒருவர் ரசத்தில் இருந்தார், அவர் பின்னால் போய் நின்றுகொண்டேன். தங்கச்சி மகள் யாரோ ஒருவர் பின்னால் நின்று ஏமாந்தாள். அவர் ரசத்தை மூன்று தடவை வாங்கினார்.

எங்களுக்கு அங்கே வேடிக்கை, பாயசத்தை முதலில் இலை ஓரத்தில் ஊற்றிவிடுவது. எங்கள் பக்கம் பாயசம் நடுவில்தான் வரும். பருப்பும் சாம்பாரும் முடிந்த பிறகு இலையில் ஊற்றி, போளியைப் பிய்த்துப் போட்டு வழித்துத் தின்றுவிட்டு, மறுபடி சோறு வாங்கி ரசமும் மோரும். சபாவில் அவியல் தயிரில் மிதந்தது. எங்கள் வீட்டில் புளிப்புக்கு மாங்காய், கூட்டு தளதளவென்று நிற்கும். இதைப் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். அவர் பாலக்காடாம். அடுத்த கால் மணி நேரம் நாங்கள் கச்சேரியை மறந்து அவியலைப் பற்றித்தான் பேசினோம்.

அதே வாரம் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா. ஒவ்வொரு மாவட்டத்துப் பெண்களும் அவரவர் ஊர்ச் சமையலோடு வந்திருந்தார்கள். நாங்கள் நான்கு பேர். நான்கு வரிசையில் ஆளுக்கு ஒன்றாக நின்று, ஆளுக்கு ஒரே தட்டு வாங்கி, மணலில் உட்கார்ந்து நான்காகப் பகிர்ந்தோம். பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய்ப் பல்லும் வத்தலும் தவிர மசாலா என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அது காலியான பிறகும் தட்டைச் சுற்றி நான்கு கையும் இருந்தன. கூட்டத்தில் எங்கிருந்தோ "ஏட்டி, அந்தத் தவிய எடு" என்று காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். எங்க ஊர்க்காரிதான், வேறு யார் அப்படிக் கூப்பிடுவார்கள்.

சென்னையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தள்ளுவண்டி. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ விற்கிறார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு. தட்டையான மஞ்சள் நூடுல்ஸை அடுப்பில் காட்டாமல், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், வத்தல் பொடி, எண்ணெய் எல்லாம் போட்டு அந்த அம்மா கையாலேயே பிசைந்து கொடுத்தார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீர் விட்டு, ஒரே வாயில் போடச் சொன்னார். போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தில்தான். வண்டிக்கடையில் நான் பார்ப்பது ஒன்றே: எவ்வளவு வேகமாகப் பாத்திரம் காலியாகிறது என்று. கூட்டம் இல்லாத வண்டியில் பிசைந்த சாப்பாடு வேண்டாம், அவித்த முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி அந்தச் சிரட்டைக்கு வருகிறேன். இதை அவர்கள் 'சப்பர் கிளப்' என்கிறார்கள். ஓட்டல் கிடையாது, ஒருவர் வீட்டுக் கூடம்தான். மாதம் இரண்டு சனிக்கிழமை, பன்னிரண்டு பேர், ஏழு வகை, ஆளுக்கு 2,200 ரூபாய், பணம் முன்கூட்டியே, திரும்பக் கிடைக்காது. வீட்டு முகவரி முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். எந்தச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். தங்கச்சி மகள் எனக்கும் சேர்த்து 'ஒன்றுமில்லை' என்று போட்டுவிட்டாள், எனக்குக் காளான் ஆகாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தட்டு காளான். அதை அவள் தின்றாள். படிவத்தை அவரவரே நிரப்ப வேண்டும்.

ஏழரைக்கு வரச் சொன்னார்கள், முதல் தட்டு எட்டேகாலுக்கு, கடைசித் தட்டு பத்தரைக்கு. எனக்கு எதிரே இருந்த பெரியவர் சர்க்கரைக்காரர். ஏழரைக்கே சாப்பாடு என்று நினைத்து வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எட்டு மணிக்கு முகம் வேர்த்து, கை நடுங்கி, கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரை வாங்கிக் கொடுத்தோம். சோறு இல்லாமல் துளித்துளியாக வருகிற இந்த மாதிரி விருந்துக்குப் போகிற சர்க்கரைக்காரர்கள், முதல் தட்டு எத்தனை மணிக்கு, அதில் என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஊசி விஷயத்தை மருத்துவரிடமும் பேசிவிட்டுப் போங்கள்.

மீன் குழம்பு வந்தது ஐந்தாவதாக. எல்லோரும் 'ஆகா' என்றார்கள். அந்தப் பெண் என்னிடம், "நீங்க நாகர்கோவில்னு சொன்னாங்க. சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார். மேசைக்கடியில் தங்கச்சி மகள் என் காலை மிதித்தாள். நான் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போல. எல்லோரும் கிளம்பும்போது என்னை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்லுங்க" என்றார்.

"தேங்கா அரையல" என்றேன்.

குழம்புச் சட்டியைத் திறந்து காட்டினார். நான் நினைத்ததுதான். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் துருவல் துருவலாகத் தேங்காய். எங்கள் குழம்பில் தேங்காயும் வத்தலும் மல்லியும் மஞ்சளும் சின்ன உள்ளியும் வெண்ணெய் மாதிரி அரைபட வேண்டும், விரலால் தொட்டால் திப்பி தட்டக்கூடாது. அரைபடாவிட்டால் குழம்பு பிரிந்துதான் நிற்கும், எவ்வளவு கொதித்தாலும் சேராது. அம்மி வேண்டாம், மிக்ஸியே போதும். தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடாமல், கொஞ்சம் விட்டு ஓட்டி, வழித்துவிட்டு, சூடு ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, மூன்று தடவையாவது. புளியோடு ஒரு துண்டு மாங்காய். எங்கள் வீட்டில் தாளிப்பதில்லை, இறக்கி வைத்துப் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி சுற்றி ஊற்றி மூடிவிடுவோம். அவர் எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டார். பிறகு, "உங்க ஊர்ல இந்த மாதிரி எங்கயாவது சாப்பாடு நடக்குமா, அக்கா?" என்றார். மேடம் அக்கா ஆகியிருந்தது.

எங்க ஊரில் சப்பர் கிளப்பா என்று சிரித்துவிட்டு வந்தேன். ரயிலில் வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்து, திருநெல்வேலி தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

2025 ஜூலை கடைசியில் அந்தச் சப்பர் கிளப் பெண் தன் வீட்டுக்காரரோடு நாகர்கோவிலில் வந்து இறங்கினார். ஆடி மாசம். நான் முன்னமே சொல்லியிருந்தேன், கல்யாண விருந்து பார்க்க வேண்டுமென்றால் ஆவணியில் வா, ஆடியில் ஒரு மண்டபமும் திறந்திருக்காது என்று. அவருக்கு வேண்டியது மீன். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் மாவட்டத்துக்குக் கிழக்கும் மேற்கும் இரண்டு கடல், இரண்டு தடைக்காலம். கன்னியாகுமரி சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் விசைப்படகு போகாது. ஜூலையில் குளச்சலுக்குப் பெரிய மீன் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வள்ளக்காரர்கள் போவார்கள். சின்ன மீனாக இருந்தாலும் அன்று காலையில் பிடித்தது.

திங்கட்கிழமை குளச்சல் கரையில் நெத்திலி ஏலம் போய்க்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்து நீட்டினார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காள் நிமிர்ந்து, "படம் பிடிச்சா வெல கூடுமா மக்ளே?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னேன், முதலில் வாங்கு, அப்புறம் கேட்டுவிட்டு எடு என்று. அரைக் கிலோ வாங்கியதும் அதே அக்காள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்தோம். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்தில் எங்கள் பாட்டாவின் தலைமுறையைக் காப்பாற்றியதும் அதுதான். அவித்த தண்ணீரைக் கண்டிப்பாக வடித்துக் கொட்ட வேண்டும், கசப்பும் நஞ்சும் அதோடு போகும். சென்னையில் அவர் அதையும் வடிக்காமல் வற்ற விட்டிருந்தாராம், கேட்டு எனக்கு வெப்ராளம் வந்தது. நெத்திலியில் மாங்காய் போட்டு அவியல் வைத்தேன். தேங்காயை அவரே அரைத்தார். மூன்று தடவை ஓட்டிவிட்டு விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். நான்காவது தடவைக்கு அனுப்பினேன்.

செவ்வாய் பகலில் சுவாமிதோப்புக்கு அழைத்துப் போனேன். அய்யா வைகுண்டர் (1809–1851) சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே கிணறு, ஒரே பந்தி என்று உட்கார வைத்த இடம். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவர் வீட்டுக்காரருக்குத் தலைப்பாகை கட்டத் தெரியாமல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கட்டிவிட்டான். அன்னதருமத்துச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று யாரிடமும் கேட்காதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். கொடுக்க மனசிருந்தால் அரிசியாகவோ உண்டியலிலோ கொடுக்கலாம். இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் இருந்தால் போதும்.

ராத்திரிதான் நான் ரயிலில் நினைத்துக்கொண்டு வந்த விஷயம். ஔவை நோன்பு. 'அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இந்த மூன்று மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடி, உப்புப் போடாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை பிடித்து அவித்து, கதை சொல்லி, சாப்பிட்டு முடிப்பது. ஆண் வாடை கூடாது, கைக்குழந்தை என்றாலும் ஆண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அங்கே செய்ததை ஆண்கள் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோவிலில் ஆடிச் செவ்வாயில் கூழும் கொழுக்கட்டையும் செய்வது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் போய்ப் பார்க்கலாம். வீட்டு நோன்பு அப்படி இல்லை. கூப்பிட்டால்தான் போக முடியும்.

அதனால் வெளியூர்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு வாரம் முன்பே தெருவில் மூத்த ஆச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "சமைக்க வாராளா, வேடிக்க பாக்க வாராளா?" என்று கேட்டாள். சமைக்க என்றேன். "அப்போ அவ பங்குக்கு ஒரு படி மாவும் ஒரு தேங்காயும் கொண்டு வரட்டு. செல்போன வீட்டுல வச்சிட்டு வரட்டு" என்றாள். அவ்வளவுதான் முன்பதிவு.

பன்னிரண்டு பேரிடம் பணம் வாங்கி வீட்டில் விருந்து வைக்கிறவர் அன்று ராத்திரி முறத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மாவு பிசைந்தார். கொழுக்கட்டையை அவர் அழகாக உருட்டி உருட்டி ஒரே அளவில் வைத்தார். ஆச்சி பார்த்துவிட்டு, "கடைக்கா குடுக்கப் போற?" என்று ஒன்றை எடுத்துப் பிசைந்து வேறு உருவம் பண்ணிக் காட்டினாள். என்ன உருவம் என்று இங்கே எழுதுவதற்கில்லை. கதை பாதி நடக்கும்போது கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை, விளக்கு வெளிச்சத்திலேயே மீதிக் கதையைக் கேட்டோம். உப்பில்லாத கொழுக்கட்டையைத் தேங்காய்த் துண்டோடு கடித்தால் மாவுக்கே ஒரு இனிப்பு இருப்பது தெரியும், மெதுவாக மெல்ல வேண்டும். அவர் ஐந்து தின்றார். நான் எண்ணினேன். விடியுமுன் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தோம். ஒரு துண்டுகூடக் கட்டிக்கொண்டு வரவில்லை, வரவும் கூடாது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். வடசேரியில் புரோட்டா தின்றுவிட்டு, கொசுவை அடித்துக்கொண்டு, தூக்கம் வராமல். அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து ஆவலாக, "என்ன சாப்பிட்டீங்க? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். "ஏதோ சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "நானும் முப்பது வருசமா கேக்கேன் தம்பி. நீங்க வாங்க, படுக்கலாம்."